பருப்பு

எங்கள் ஆலையில் கெர்னல் என்றால்
செம்பனைக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு.
அதற்குத் தனிக் கிடங்கு, தனி விலை, தனிப் பூட்டு.
என் மடிக்கணினிக்குள்ளும் ஒரு கெர்னல் உண்டென்று
ஃபிர்டாவுஸ் சொல்லித்தான் தெரியும்.

பாரிட் புந்தாரில் நானூற்று எண்பது வெள்ளிக்கு
வாங்கிய பழசு அது.
விண்டோஸில் இருந்தவரை
சேற்றில் மாட்டிய லோரிபோல் முனகும்.
அவன்தான் துடைத்தெடுத்து லினக்ஸ் போட்டான்.
ஆட்டத்துக்குப் புரோட்டான் இருக்கு, கவலைப்படாதே என்றான்.
எனக்குத் தெரிந்த புரோட்டான்
பின்கதவு திறக்காத அப்பாவின் சாகா.
இது வேறு. இது துபாஷி.
ஆட்டம் விண்டோஸ் பாஷையில் கேட்கும்,
இவன் என் பெட்டியின் பாஷையில் சொல்லி
பதிலை வாங்கித் தருவான்.
இரண்டு வருஷம். ஒரு சொல் பிசகவில்லை.

சியாவ் மின், குகனேஷ், ஃபிர்டாவுஸ், நான்.
ஆட்டத்தில் என் பெயர் தராசு.
சுடுவதில் சுமார்தான்.
காலடி கேட்பதில் கெட்டிக்காரி.

ஒரு செவ்வாய், ஆறு ஜிபி இறங்கியது.
கூடவே ஒரு காவலாளி.
வாசலில் நிற்கிறவன் இல்லை இவன்,
பருப்புக்குள் உட்கார்ந்தால்தான் கண் தெரியுமாம்.
என் பருப்பைப் பார்த்தான்.
இது இங்கே வேகாது என்றான்.
‘நம்பகமற்ற சூழல்.’
சிவப்பு எழுத்தில், இரவு பதினொன்று பத்துக்கு.

ஆட்டக் கம்பெனி ஒரு கட்டத்தில் டிக் போட்டால்
திறந்துவிடுமாம். போடவில்லை.
எங்களை எண்ணிப் பார்த்திருப்பார்கள்,
அந்த டிக்குக்கு ஆகும் செலவுக்குக்கூடத் தேற மாட்டோம்.
குகனேஷ் சொன்னான், நேற்றும் ஒருத்தன்
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதினாலு தலை எடுத்தான்.
அவன் விண்டோஸ். நம்பகமானவன்.

பகலில் என் பிழைப்பே திருடு பிடிப்பது.
நிபோங் திபாலில் எடைமேடைக் கிராணி.
குலைமேல் மணல் தூவுவார்கள்.
வலைக்கடியில் ஆள் படுத்திருப்பான்.
தொட்டியில் தண்ணீரோடு உள்ளே வந்து
வெற்று எடைக்கு முன் வாய்க்காலில் திறந்துவிடுவார்கள்.
ஸ்பிரிங் தாழ்ந்த விதம் பார்த்தே சொல்வேன்.

அதே வாரம் இங்கேயும் புதுக் கணினி.
பதிவில் இல்லாத வண்டியென்றால் கம்பம் ஏறாது.
வியாழக்கிழமை வந்தது ஒன்று,
தலை ஒரு கம்பெனி, உடம்பு வேறு கம்பெனி,
எட்டு ஏக்கர்க்காரர் ஒருவரின் குலைகள்,
முந்தாநாள் வெட்டியவை, காம்பு கறுக்கத் தொடங்கிவிட்டன.
திரையில் சிவப்பு.
மூலையில் ஒரு கட்டம். கிராணி பொறுப்பில், டிக்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு இறங்கிப் போய் டயரில் ஏறி
வலையை விலக்கினேன்.
சுத்தமான பழம்.
வந்து டிக் போட்டேன்.
கம்பம் ஏறியது. எனக்கு என்னவோ
ஊரையே உள்ளே விட்டது போல இருந்தது.

வண்டி மேடையில் ஏறும்போது
அடியில் ஒரு சத்தம்.
நிறைகுடம் தளும்பாது. இது தளும்பியது.
தொண்ணூறு லிட்டர்.
தொண்ணூறு கிலோ கழித்தேன், வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்,
எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.
அடுத்த வியாழனும் வந்தான்.
மறுபடி டயரில் ஏறினேன். மறுபடி குனிந்து
தொட்டியைத் தட்டினேன்.
மறுபடி டிக்.
முட்டி வலிக்கிறது. காவலாளிக்கு முட்டி கிடையாது.

இரவு பதினொன்றுக்கு
அவர்கள் மூவரும் உள்ளே, நான் வெளியே.
பேசும் வரிசையில் மட்டும் இருக்கிறேன்,
அதற்கு யாரும் பருப்பு கேட்பதில்லை.
சியாவ் மின் ஹெட்செட் போடுவதில்லை,
அவன் ஸ்பீக்கரின் வெடிச்சத்தம், மழை, அவன் அம்மாவின் டிவி
எல்லாம் எனக்கு வருகிறது.
அதற்கு நடுவே தகரத்தில் இரண்டு காலடி.

மின், இடப்பக்கம், படியில் ஒருத்தன்.
சுட்டான். விழுந்தது.

நான்கு பேர் ஆட வேண்டிய ஆட்டத்தில்
வெளியே நின்று காது கொடுப்பது
எந்தக் கணக்கில் சேரும் என்று
எனக்குத் தெரியும்.
பிடிக்கட்டும், பார்ப்போம்.